டோவர் வழியாகக் கலியாணம்

ஏப்ரல் 12, ஞாயிறு

பஸ் பேசி முடித்தாயிற்று. இனிப் பின்வாங்க முடியாது என்று சிநேகிதி யோகராணி சொன்னாள். பஸ்ஸைப் பற்றித்தான் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை.

இவ்வளவு பெரிய ஒழுங்கு எதையும் நான் இதற்கு முன் தலையில் போட்டுக்கொண்டதில்லை. அதனால்தான் எழுதி வைக்கிறேன். ஈஸ்ட்ஹாமிலிருந்து பாரிஸுக்கு ஒரு பஸ். மே 23 சனிக்கிழமை விடியப் புறப்பாடு. மறுநாள் பாரிஸில் ஒரு விசேஷம். மண்டபம், ஐயர், சாப்பாடு எல்லாம் பாரிஸ்காரர் பொறுப்பு. லண்டன் சனத்தைக் கடல் தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் பொறுப்பு.

விசேஷம் என்றால் கலியாணம். என்னுடையது.

எழுதிப் பார்த்தேன். எழுத்தில் அவ்வளவு மோசமாகத் தெரியவில்லை. வாயால் சொல்லும்போதுதான் நாக்கு ஒட்டுகிறது. ஐம்பத்திமூன்று வயது. ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. கணவர் தவராசா மாரடைப்பில் போய் ஒன்பது வருடம். இருபத்துநாலு வயதில் ஒரு மகன், கீர்த்தன். இந்த விபரங்களுக்குப் பக்கத்தில் 'மணமகள்' என்று போட்டால் அச்சுப் பிழை மாதிரி இருக்கிறது.

குணாளனைக் கண்டது பாரிஸில் ஒரு பெண்பிள்ளையின் சாமத்தியச் சடங்கு வீட்டில். சொதிக் கிடாரத்துக்குப் பக்கத்தில் அகப்பையோடு நின்றார். இன்னும் கொஞ்சம் கேட்டேன். "முடிஞ்சுது. ஆனா உங்களுக்கெண்டா அடியைச் சுரண்டித் தரலாம்" என்றார். சுரண்டியும் தந்தார். இது நடந்து இரண்டு வருடம். அன்றிலிருந்து ஒவ்வொரு மாலையும் தொலைபேசி. அதைப் பற்றி இங்கே எழுதத் தேவையில்லை. இது பஸ் விஷயம்.

ஏப்ரல் 14, செவ்வாய்

வருடப்பிறப்பு. பால்சோறு பொங்கினேன், கொஞ்சம் அடிப்பிடித்தது. கீர்த்தன் வேலையால் வந்து சாப்பிட்டான். நல்லா இருக்கு என்றான். கருகின மணம் அவனுக்குத் தெரியவில்லையா, தெரிந்தும் சொல்லவில்லையா என்று எனக்குத் தெரியாது. அவன் இப்போது எதற்கும் அப்படித்தான்.

தை மாதம் கலியாணக் கதையைச் சொன்னபோதும் கோபப்படவில்லை. "உங்கட விருப்பம், அம்மா" என்றான். கதவை அடித்துச் சாத்தியிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன். 'உங்கட விருப்பம்' என்பதற்கு என்ன பதில் சொல்வது?

இன்று சாதாரணமாகக் கேட்டேன். "பஸ்ஸிலை உனக்கு யன்னல் சீற் வைக்கட்டோ?"

"அண்டைக்கு வேலை வரும் போலை இருக்கு. பாப்பம்."

கணினிக் கம்பனியில் இரண்டு வருடமாக வேலை செய்கிறான். ஒரு சனிக்கிழமையும் போனதில்லை. புதிதாகத் தொடங்கியிருப்பார்கள் போல.

ஏப்ரல் 19, ஞாயிறு

ஞானம் மச்சாளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

ஞானேஸ்வரி மச்சாள் என்றால் தவராசாவின் ஒரே அக்கா. வெம்பிளியில் இருக்கிறா. எழுபது வயது, சேலை மடிப்புக் கலையாது, ஒரு கதையை இரண்டாம் தரம் சொல்ல மாட்டா. நானே போய்ச் சொல்வதென்றுதான் இருந்தேன். முதலில் தைப்பொங்கல் முடியட்டும் என்றேன், பிறகு சிவராத்திரி, பிறகு வருடப்பிறப்பு. அடுத்ததாக என்ன வருகிறது என்று நாட்காட்டியில் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு புடவைக்கடையில் யாரோ அவவுக்குச் சொல்லிவிட்டார்கள்.

குழம்பு அடுப்பில் கொதிக்கும்போது எடுத்தா.

"சுகி, பஸ் பிடிச்சிருக்கிறாயாம்."

"ஓம் மச்சாள்."

"பாரிஸுக்காம்."

"ஓம் மச்சாள்."

"கலியாணமாம்."

நான் குழம்புக்கு இரண்டாம் முறை உப்புப் போட்டேன். "ஓம் மச்சாள்."

அந்தப் பக்கம் அவவின் டிவியில் யாரோ ஒரு மருமகள் அழுதுகொண்டிருந்தாள். நெடுநேரம் அழுதாள்.

"எனக்கு முன் சீற் வேணும்," என்றா மச்சாள். "பின்னாலை இருந்தாத் தலை சுத்தும்." வைத்துவிட்டா.

உடனே யோகராணியை எடுத்தேன். என்னோடு அதே சமையலறையில் வேலை செய்பவள். கலியாணத்துக்கு ஓம் சொல்லும்படி என்னைக் குடைந்தவளும் அவள்தான், ஆகவே பயமும் பாதி அவளுடையது.

"ஐயோ சுகிர்தாக்கா, அவ சும்மா வரேல்லை," என்றாள். "மண்டபத்திலை தாலி கட்டேக்கை எழும்பி நிண்டு கத்தப்போறா. என்ர தம்பியை மறந்திட்டியோ எண்டு கேப்பா. நான் ஒரு நாடகத்திலை பாத்தனான்."

இரவுக் குழம்பை யாரும் சாப்பிடவில்லை.

ஏப்ரல் 23, வியாழன்

பஸ்காரர் விமலன் வந்தார். அவரே உரிமையாளர், அவரே ஓட்டுநர். "அக்கா, என்ர பஸ் பிளேன் மாதிரி" என்று தொடங்கினார். பிளேனுக்கு எனக்குப் பயம் என்றேன். "அப்ப வீடு மாதிரி" என்று மாற்றிக்கொண்டார்.

கடலுக்குக் கீழே சுரங்க ரயிலில் பஸ்ஸை ஏற்றிப் போகலாம், கெதி, நேரம் மிச்சம் என்றார். மரியாதைக்கு மச்சாளைக் கேட்டேன்.

"கடலுக்குக் கீழாலை போக நான் என்ன மீனே?"

கப்பல் என்று முடிவாயிற்று.

ஏப்ரல் 28, செவ்வாய்

இன்றும் மூன்று பேர் முன் சீற் கேட்டு எடுத்தார்கள். பஸ்ஸுக்கு முன்பக்கம் ஒன்றுதான் இருக்கிறது என்பதை நான் எப்படி விளங்கப்படுத்துவது?

மே 3, ஞாயிறு

வட்ஸ்அப் குழுவில் போர். பிரான்ஸுக்குள் இறைச்சி, பால் சாமான் கொண்டுபோகக் கூடாது என்று விமலன் எழுதினார். அதாவது மட்டன் றோல்ஸ் இல்லை.

யோகராணி பொங்கி எழுந்துவிட்டாள். குரல் செய்தியாகவே போட்டாள்: "றோல்ஸ் இல்லாமல் ஒரு பஸ்ஸோ? அதுக்கு எல்லாரும் வீட்டிலை படுத்திருக்கலாம்!"

கீரை றோல்ஸ் என்று சொல்லலாம் என்று ஒருவர். அவர்கள் பிய்த்துப் பார்ப்பார்கள் என்று இன்னொருவர். பிய்த்தால் ஒன்று கொடுத்துவிடுவோம், தின்றவன் பிடிக்க மாட்டான் என்று மூன்றாமவர். கலியாண வீட்டுக்குப் போகிற பஸ்ஸைக் கடத்தல் பஸ்ஸாக்கிவிட்டார்கள்.

மாலையில் குணாளனிடம் சொன்னேன். நெடுநேரம் சிரித்தார். "றோல்ஸைப் பறிச்சாப் பறிக்கட்டும். பொம்பிளையைப் பறிக்காமல் விட்டாக் காணும்" என்றார்.

இதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை.

முடிவு: றோல்ஸ் வரும். ஆனால் டோவருக்கு முன்பே கடைசித் துண்டுவரை சாப்பிட்டு முடிக்க வேண்டும். மருத்துவர் தடுத்தவர்களுக்கும் விலக்கில்லை.

மே 9, சனி

சட்டை தைத்த இடத்துக்குக் கீர்த்தன் காரில் கூட்டிக்கொண்டு போனான். கூறைக்கான சட்டை. பின்னால் இருந்த பையை அவன் பார்க்கவில்லை. நானும் காட்டவில்லை. வழி முழுக்க றேடியோ பாடியது.

வீட்டுக்குக் கிட்ட வந்து காரை நிறுத்திவிட்டு, இறங்காமல் இருந்தான்.

"அவர் எங்கட வீட்டை வந்து இருப்பாரோ?"

"இப்ப இல்லை. அவருக்கு அங்கை கடை இருக்கு. கொஞ்ச நாள் நான் போவன், கொஞ்ச நாள் அவர் வருவார்."

"வந்தா எங்கை இருப்பார்?"

எந்த அறை என்று கேட்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். சாப்பாட்டு மேசையில் யன்னல் பக்கம் தவராசா இருந்த கதிரையில் நாங்கள் இருவரும் இருப்பதில்லை. வாங்கி வந்த சாமான்களைத்தான் வைப்போம்.

"சோபாவிலை இருத்துவம்," என்றேன்.

"சாப்பிடேக்கையுமோ?"

"அவர் எங்கையும் இருந்து சாப்பிடுவார். நிண்டுகொண்டும் சாப்பிடுவார்."

சிரிப்பு வந்ததை இருமலாக்கிவிட்டான். தவராசாவும் இப்படித்தான் செய்வார்.

"பஸ்ஸுக்கு வருவியோ?"

"பாப்பம் அம்மா."

வெங்காயம் இந்தக் கிழமை மலிவு. ஒரு மூடை வாங்கி வைத்தேன்.

மே 14, வியாழன்

அவமானம். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

இருக்கை எல்லாம் நிரம்பிவிட்டது. இடது பக்கம் மூன்றாவது வரிசையில் யன்னலோரம் ஒன்றைத் தவிர. அதை யார் கேட்டாலும் அந்த இருக்கையின் பெல்ட் பழுது என்று சொல்லி வந்தேன். காரணம் எதுவும் இல்லை. ஒரு இருக்கை மிச்சம் இருப்பது நல்லதுதானே.

யோகராணி தன் மாமியாரின் தங்கைக்கு அதைக் கேட்டாள். பெல்ட் பழுது என்றேன். அவள் நேராக விமலனை எடுத்துத் திருத்தச் சொல்லியிருக்கிறாள். விமலன் துடித்துப்போய் என் வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, ஆர் சொன்னது? என்ர பஸ்ஸிலை பெல்ட் பழுதோ? வாங்கோ, வந்து இருந்து பாருங்கோ!"

வீதியில் பஸ் நின்றது. அக்கம்பக்கம் பார்க்க ஏறி, அந்த இருக்கையில் இருந்து, பெல்ட்டைப் போட்டேன். கடக்கென்று பூட்டியது. கழற்றி மறுபடி போடச் சொன்னார். மறுபடியும் பூட்டியது. பின்னால் ஏறி வந்த யோகராணி இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தாள். பிறகு ஏதோ விளங்கியவள்போலக் கையை இறக்கிவிட்டாள்.

"இது கொஞ்சம் இறுக்கம்தான் விமலண்ணை," என்றாள். "அந்த மனுசி உடம்புக்காரி. சரிவராது."

நல்லவள். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன்.

மே 17, ஞாயிறு

கீர்த்தன் வருகிறான்!

மச்சாள் அவனைத் தானே எடுத்திருக்கிறா. அவன் வந்து சொன்னது இது: "மாமிக்கு முழங்கால் நோவாம். பாக் சரியான பாரமாம். தூக்க ஆள் இல்லாட்டித் தான் வரேலாதாம். நான் மாமிக்காகத்தான் வாறன்."

"ஓம், மாமி பாவம்," என்றேன்.

"ரெண்டு நாள்தானே."

"ஓம், ரெண்டு நாள்தான்."

"வேலையிலை லீவு கேட்டிட்டன்."

"சனிக்கிழமைக்கோ?"

அவன் செருப்பைக் கழற்றக் குனிந்துவிட்டான். நானும் தோண்டவில்லை. இன்று நண்டுக்கறி, இறால் பொரியல், முருங்கையிலை வறை, அப்பளம், பாயசம். விசேஷம் ஒன்றுமில்லை. கடையில் நண்டு நல்லதாக இருந்தது, அவ்வளவுதான்.

மே 20, புதன்

மச்சாள் எதற்காக வருகிறா என்பது இன்னும் தெரியாது. யோகராணி ஒரு திட்டம் வைத்திருக்கிறாள். மச்சாள் கத்தத் தொடங்கினால் மேளகாரருக்குக் கையைக் காட்டி, கெட்டிமேளம் அடிக்க வைப்பாளாம்.

மே 22, வெள்ளி

மச்சாள் இன்று மத்தியானமே வந்துவிட்டா. விடிய எங்கள் வீட்டிலிருந்தே பஸ் ஏறுவதற்காக. டாக்சி வந்து நிற்க, கீர்த்தன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பாரமான பையைத் தூக்க ஓடினான். மச்சாள் இறங்கினா. கையில் ஒரு கைப்பை. டாக்சி போய்விட்டது.

"மாமி, பாரமான பாக் எங்கை?"

"இதுதான். மருந்து இருக்கு. மருந்து பாரம்தானே."

அவன் அந்தக் கைப்பையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு உள்ளே வந்தான்.

பிறகு அவன் கடைக்குப் போக, குசினியில் நானும் மச்சாளும் தனியே. நான் றோல்ஸ் சுருட்டிக்கொண்டிருந்தேன். மச்சாள் கேளாமலே கை கழுவிவிட்டு வந்து சுருட்டத் தொடங்கினா. அவவின் றோல்ஸ் என்னுடையதைவிட நேராக வந்தது. இப்போது தொடங்கப்போகிறா என்று காத்திருந்தேன்.

"மண்டபத்திலை என்னை எங்கை இருத்தப்போறாய்?"

"முன்னுக்குத்தான் மச்சாள்."

"முன்னுக்குத்தான். அது தெரியும். ஆர் எண்டு சொல்லி இருத்துவாய்?" கையில் இருந்த றோலைப் பார்த்தபடியே கேட்டா. "சனம் கேக்குமே, இந்தக் கிழவி ஆர் எண்டு. செத்த புருசன்ர அக்கா எண்டு சொல்லேலுமோ? தம்பி போனாப்பிறகு எனக்கு இந்த ஊரிலை நீங்கள் ரெண்டு பேர்தான். நீ கட்டினாப்பிறகு, சுகி, எனக்கு நீ ஆர்?"

இதைக் கேட்கத்தான் ஒரு மாதத்துக்கு முன்பே முன் சீற் கேட்டு வைத்தாவா என்று நினைத்தேன். மாப் பிடித்த கையைத் துடைத்தேன்.

"மச்சாள்தான்," என்றேன். "வேறை ஆர்? குணாளனுக்கு நீங்கள் அக்கா. அவருக்கு அக்கா தங்கை ஒருத்தரும் இல்லை."

மச்சாள் யோசித்தா. "சமைப்பாரோ?"

"சொதி நல்லா வைப்பார்."

"அப்ப சரி," என்று அடுத்த றோலை எடுத்தா. "நீ தூள் காணாமல் போட்டிருக்கிறாய்."

மே 23, சனி. கப்பலில்

எழுத்துக் கோணலாக வருகிறது. கடல் ஆட்டம். வேறொன்றுமில்லை.

எல்லாரும் நேரத்துக்கு வந்தார்கள். மச்சாள் முன் சீற்றில். கீர்த்தன் மூன்றாவது வரிசையில் யன்னலோரம். பெல்ட்டைப் போட்டான், ஒரு கரைச்சலும் இல்லை. கென்டில் ஒரு தரிப்பிடத்தில் நிறுத்தி றோல்ஸ் முடித்தோம். முடிக்க முடியாமல் சிலர் கண் கலங்கினார்கள். யோகராணி நடுவில் நின்று, "நாட்டுக்காகச் சாப்பிடுங்கோ!" என்று கத்தினாள். விமலன் பஸ் பாரமாகிவிட்டது என்றார்.

டோவரில் எல்லாரும் இறங்கிப் பிரெஞ்சு அதிகாரிகளிடம் பாஸ்போட் காட்ட வேண்டும். படமும் கைரேகையும் எடுத்தார்கள். மச்சாள் தன் விரலைக் கண்ணாடியில் வைத்துவிட்டு, "என்ன, நாடி பாக்கினமோ?" என்று கேட்டா. நீண்ட வரிசை. எனக்குப் பின்னால் கீர்த்தன், மாமியின் கைப்பையோடு.

என் முறை வந்தது. இளம் பெண் அதிகாரி. ஆங்கிலத்தில்தான் கேட்டாள். எதற்காகப் பயணம்?

"விடுமுறை," என்றேன். எப்படி வந்ததென்று தெரியாது, வாய் சொல்லிவிட்டது.

அவள் தலையை நிமிர்த்தினாள். "இந்த பஸ்ஸில் வந்த எல்லோரும் கலியாணத்துக்கு என்கிறார்கள். நீங்கள் மட்டும் விடுமுறையா?"

"கலியாணத்துக்கும்தான்."

"யாருடைய கலியாணம்?"

பாஸ்போட் அவள் கையில். எனக்குப் பின்னால் மகன். அவனுக்குப் பின்னால் முழு பஸ்ஸும் கதையை நிறுத்திவிட்டது. பக்கத்தில் முடித்துவிட்டு நின்ற மச்சாள் என்னைப் பார்த்தா. சொல்லன் என்கிற பார்வை.

"என்னுடையது," என்றேன்.

இரண்டாம் முறை கேட்க வேண்டியிராத அளவு சத்தமாகத்தான் சொல்லியிருக்கிறேன். அந்தப் பெண் சிரித்தாள். பக்கத்துக் கூண்டிலிருந்த அதிகாரிக்குப் பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். அவரும் எட்டிப் பார்த்து என்னை நோக்கித் தலையைச் சாய்த்தார். பாஸ்போட் என் கைக்குத் திரும்பி வந்தது.

நான் நான்கடி தள்ளிப் போய் நின்று, பைக்குள் எதையோ தேடினேன்.

"நீங்கள்?" என்று அவள் கேட்பது கேட்டது.

"அம்மா கலியாணம் கட்டுறா," என்று கீர்த்தன் ஆங்கிலத்தில் சொன்னான்.

"ஓ! உங்களுக்குச் சந்தோஷமா?"

நான் பையின் அடிவரை போய்விட்டேன்.

"அவ சந்தோஷமாய் இருக்கிறா," என்றான். "நாலு மாதமாப் பாட்டுப் பாடிக்கொண்டு சமைக்கிறா. தனக்குத் தெரியாது."

அவனுடைய பாஸ்போட்டும் திரும்பி வந்தது. நான் தேடியது கிடைக்கவில்லை. என்ன தேடினேன் என்றும் தெரியாது.

பிறகு, கப்பல் தட்டில்

மச்சாள் உள்ளே கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிடுகிறா. நான் காற்றுக்கு வெளியே வந்தேன். கீர்த்தன் இரண்டு கோப்பி வாங்கி வந்து பக்கத்தில் நின்றான். டோவர் வெள்ளை மலை பின்னால் போய்க்கொண்டிருந்தது.

"அம்மா, நான் அவரை என்னெண்டு கூப்பிடுறது?"

"அங்கிள் எண்டு கூப்பிடன்."

"பஸ்ஸிலை இருக்கிற எல்லாரும் எனக்கு அங்கிள்தான்."

"மாமா?"

"அம்மாவைக் கட்டுறவர் எப்பிடி மாமா?"

அதுவும் சரி.

"அப்பா எண்டு கூப்பிடச் சொல்லமாட்டன்," என்றேன்.

"தெரியும்," என்றான். ஒரு வாய் கோப்பி குடித்துவிட்டு, "நான் யோசிக்கிறன்" என்றான்.

கோப்பி ஆறிவிட்டது. நான் குடித்து முடித்தேன்.

மே 24, ஞாயிறு. பாரிஸ், காலை

தலை பின்ன ஆள் வர முன்பு எழுதிவிட வேண்டும்.

நேற்று கலேயில் கப்பலால் இறங்கி, வெளியே வந்த முதல் தரிப்பிடத்தில் விமலன் பஸ்ஸை நிறுத்தினார். மரத்தடியில் ஒருவர் தேத்தண்ணிப் போத்தலும் பெரிய பெட்டியுமாக எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வேறொரு பஸ்ஸை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். தோளைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது. பாரிஸில் இருக்க வேண்டிய மனிதர். மூன்று மணித்தியாலம் கார் ஓடி வந்து தவறான பஸ்ஸுக்குக் காவல் நிற்கிறார்.

நான் எழும்பினேன்.

"இரு!" என்றா மச்சாள் முன்னாலிருந்து. "கலியாணத்துக்கு முதல் நாள் மாப்பிள்ளை பொம்பிளை பாக்கக் கூடாது. அந்த மனிசனுக்கு ஒருத்தரும் சொல்லிக் குடுக்கேல்லையோ? கீர்த்தன், நீ இறங்கிப் போய்க் கதை. பெட்டிக்குள்ளை என்ன எண்டும் பார்."

கீர்த்தன் என்னைத் திரும்பிப் பார்த்தான். இறங்கினான்.

நான் பெல்ட்டோடு இருந்தேன். யன்னல் கண்ணாடி தடிப்பு. வெளியே ஒரு சத்தமும் கேட்காது. கீர்த்தன் பாதித் தூரம் நடந்து போய் நின்றான். தலையைச் சொறிந்தான். பிறகு வாயைத் திறந்து ஏதோ கூப்பிட்டான். ஒரு சொல். சின்னச் சொல்.

குணாளன் உடனே திரும்பினார். அது தன்னைத்தான் என்பதில் அவருக்கு ஒரு சந்தேகமும் இருந்ததாகத் தெரியவில்லை. கையிலிருந்த போத்தலை எங்கே வைப்பதென்று தெரியாமல் பெட்டியின் மேல் வைத்தார். அது விழுந்தது. இருவரும் ஒரே நேரத்தில் குனிந்து எடுத்தார்கள்.

பெட்டிக்குள் கீரை வடை. பஸ் முழுக்கப் பசியில்லை என்று சொல்லிக்கொண்டே தின்று முடித்தது. மச்சாளுக்கு இரண்டு.

என்ன சொல்லிக் கூப்பிட்டாய் என்று கீர்த்தனைக் கேட்டேன். "சும்மா" என்றான். இரவு தொலைபேசியில் குணாளனைக் கேட்டேன். "அது எங்கட கதை" என்றார். இன்று காலையும் இருவரையும் தனித்தனியே கேட்டுப் பார்த்தேன். இருவரும் ஒரே மாதிரி இருமுகிறார்கள்.

சரி, அவர்களிடமே இருக்கட்டும்.

யோகராணி சீப்போடு வந்துவிட்டாள்.